ஹான்ஸ் ரேப்பிட் தலைமாட்டில் இரவு தங்கல்: படகைக் கட்டுவது எப்படி?

கேள்வி
கிராண்ட் கேன்யன், கொலராடோ ஆறு, படகுப் பயணம் தொடங்கும் லீஸ் ஃபெரியிலிருந்து ஏறக்குறைய 77ஆவது மைல். ஹான்ஸ் ரேப்பிடுக்கு (பாறைகளுக்கிடையே ஆறு சீறிப் பாயும் இடம்) சற்று மேலே இடது கரையில் தங்கிவிட்டுக் காலையில் ரேப்பிடில் இறங்கத் திட்டம். 18 அடி ராஃப்ட் (காற்றடைத்த படகு) நான்கு, ஆட்கள் பன்னிரண்டு. ராத்திரியில் தண்ணீர் ஏறி இறங்குமாமே, படகுகளை எப்படிக் கட்டுவது? கூடாரம் எங்கே?

பதில் 1
மழையே இல்லாவிட்டாலும் ஏறி இறங்கும். ஆற்றின் மேல்பக்கம் உள்ள கிளென் கேன்யன் அணையில் மின்தேவைக்கேற்பத் தண்ணீர் விடுகிறார்கள். ஒரே நாளில் வினாடிக்கு 8,000 கன அடி வரை வித்தியாசம் வரலாம். அது 90 மைலுக்கு மேல் ஓடி வர வேண்டும், அதனால் அணையில் கூட்டும் நேரமும் உங்கள் கரையில் ஏறும் நேரமும் ஒன்றாக இருக்காது. இறங்கியதும் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, அரை மணிக்கொரு தடவை பாருங்கள்.

தண்ணீர் வடிகிறதென்றால் படுக்கும் முன் படகுகளை ஆழத்துக்குத் தள்ளிவிடுங்கள். சுமையோடு கல்மேல் உட்கார்ந்த 18 அடி படகைப் பன்னிரண்டு பேராலும் அசைக்க முடியாது. சாமானை இறக்க வேண்டும், அல்லது தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும். ஏறுகிறதென்றால் வேறு தொல்லை: தாழ்ந்த பாறையில் போட்ட முடிச்சு மூழ்கிவிடும், அவிழ்க்கக் கை எட்டாது. பழைய நீர்க்கோட்டுக்கு மேலேயே முடிச்சு. படகுக்கு இரண்டு கயிறு, இரண்டு தனித்தனிப் பிடிமானம். படகு ஆட ஆடக் கயிறு பாறை விளிம்பில் அறுபடும். உரசும் இடத்தில் பழைய துணி சுற்றுங்கள்.

பதில் 2
கூடாரத்தை உயரமான மணலில் போடுங்கள். ஹான்ஸ் அருகே ஆற்றில் சேரும் ரெட் கேன்யன் ஓடையின் வாயில் மட்டும் வேண்டாம். அந்த ரேப்பிடே அங்கிருந்து உருண்டு வந்த பாறைகளால் ஆனதுதான். 1966 டிசம்பரில் இதே ஆற்றில் இன்னும் கீழே உள்ள கிரிஸ்டல் ரேப்பிட் மாறியதும் இப்படி ஒரு பக்க ஓடை வெள்ளத்தால்தான். ரேப்பிட் இரைச்சலில் வெள்ளம் வரும் சத்தமோ கூப்பாடோ காதில் விழாது. கைச் சைகையை முன்பே பேசி வையுங்கள். சிறுநீர் ஆற்றில்தான் போக வேண்டும் என்பது அங்கே விதி. இருட்டில் விளிம்பில் நிற்காமல் வாளியில் போய், விடிந்ததும் ஊற்றுங்கள்.

கேட்டவர்
காலையில் தண்ணீர் குறைந்திருந்தால்?

பதில் 3
அவசரப்படாதீர்கள். ஹான்ஸ் தண்ணீர் குறைந்தால்தான் மோசம், வழியெல்லாம் கல் தலைநீட்டும். மாலையில் பார்க்கும்போதே ஓர் அடையாளப் பாறையைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அது கூடுதலாக வெளியே தெரிந்தால் முந்தைய நாள் போட்ட வழி செல்லாது, மறுபடி கரையோரம் நடந்து பாருங்கள். ஏற்றம் வரும் வரை சாப்பிட்டுக்கொண்டே காத்திருக்கலாம். முதலில் இறங்கும் படகு கீழே கரையோரம் ஒதுங்கி எறிகயிறோடு நிற்கட்டும். இரண்டே மைலில் சாக்டோலேஜர் என்ற இன்னொரு ரேப்பிட், அங்கே இருபுறமும் செங்குத்துச் சுவர்.