'டெஸ்பரேட்லி'க்கு ரைம் கிடைக்குமா?

கேள்வி: இங்கிலீஷ்ல ஒரு பாட்டு எழுதிட்டு இருக்கேன், ஒரு வரி 'டெஸ்பரேட்லி'னு முடியுது, அடுத்த வரிக்கு எது போட்டாலும் ஒட்ட மாட்டேங்குது. 'லி'ல முடிஞ்சா போதாதா?

பதில் 1: போதாதுங்க. அழுத்தம் விழுற கடைசி உயிரொலில இருந்து முடிவு வரைக்கும் ஒத்துப்போகணும், இதுல அழுத்தம் முதல்லயே 'டெஸ்'ல விழுந்துடுது, அப்புறம் வர்றது மொத்தமும் மேட்ச் ஆகணும், அதான் கஷ்டம். 'செப்பரேட்லி' கிட்டத்தட்ட வரும், பாடும்போது நல்லாவே இருக்கும்.

பதில் 2: 'டெஸ்பரேட்லி'க்கு பதிலா 'அப்சலூட்லி' போட்டா ஓகேவா? அழுத்தத்த 'லூட்'ல வச்சா 'அக்யூட்லி', 'மியூட்லி' எல்லாம் சுத்தமா ஒட்டும்.

பதில் 3: வார்த்தைய மாத்தாதீங்க ப்ளீஸ், அந்தத் தவிப்பே போயிடும். அதை வரிக்கு நடுவுல தள்ளி 'டெஸ்பரேட்லி ட்ரை'னு முடிங்க, 'க்ரை', 'ஸ்கை', 'குட்பை'னு நிறைய கிடைக்கும்.