செம்பனைக் கையேட்டை இயங்கலையில் விற்க முயன்றேன், ஐந்து மாதத்தில் ஒன்பது படிகளே போயின: எங்கே தவறினேன்?

கேட்டவர்: மண்டோர் மகள் (ஊத்தான் மெலிந்தாங், பேராக்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் எங்கள் ஊரை ஒட்டிய தோட்டமொன்றில் 31 ஆண்டுகள் உழைத்து, மண்டோராக (தொழிலாளர் மேற்பார்வையாளராக) ஓய்வு பெற்றவர். இப்போது எங்களுக்குச் சொந்தமாக நான்கு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) இருக்கிறது. தென்னையை அழித்துச் செம்பனை நட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல உண்டு. மட்டை மஞ்சளித்தாலும், குலை சிறுத்தாலும், வண்டு குருத்தைத் துளைத்தாலும் அவர்கள் என் தந்தையாரைத் தேடித்தான் வருவார்கள். அவர் சொல்லச் சொல்ல இரண்டு ஆண்டுகள் குறிப்பெடுத்து, 118 பக்கங்களில் ஒரு கையேடாக்கி, 59 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) விலையில் மார்ச் மாதம் விற்பனைக்கு வைத்தேன்.

முகநூலில் அறிவித்த நாளில் நானூறுக்கும் மேற்பட்டோர் விருப்பம் தெரிவித்தார்கள், பலர் வாழ்த்தினார்கள். ஆனால் ஐந்து மாதங்களில் ஒன்பது பேருக்குத்தான் கோப்பை அனுப்பியிருக்கிறேன். அவர்களிலும் இருவர் அனுப்பிய வங்கிச் சீட்டு பொய்யானது என்பதைக் கணக்கைப் பார்த்த பிறகே அறிந்தேன். மூவர் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிவதாகச் சொன்னார்கள். சென்ற வாரம், எனக்கு அறிமுகமில்லாத ஒரு புலன (வாட்ஸ்அப்) குழுவில் அந்தக் கோப்பு இலவசமாகச் சுற்றுவதைக் கண்டேன்.

விலை அதிகமா, விளம்பரம் போதவில்லையா, அல்லது தமிழில் இப்படிப்பட்ட நூலுக்குச் சந்தையே இல்லையா? இதில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் என் தந்தையாரின் உழைப்பு வீணாகாது.

மறுமொழி: நூலாக்குநர் (கிள்ளான்)

சகோதரி, விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு செய்திகள் தேவை. கையேட்டின் உள்ளடக்கப் பக்கத்தை இங்கே பதியுங்கள். அடுத்து, உண்மையாகப் பணம் செலுத்திய ஏழு பேரும் வாங்கிய பிறகு உங்களிடம் என்ன கேட்டார்கள் என்பதை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். முகநூலில் விருப்பம் தெரிவித்த நானூறு பேரும் உங்கள் தந்தையாரை மதித்தார்கள் என்று மட்டுமே அதிலிருந்து கொள்ள முடியும்; தோட்டம் வைத்திருப்பவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியாது.

கேட்டவர்: மண்டோர் மகள்

நன்றி, ஐயா. முதல் இயல், 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை வணிகப் பயிராக நடப்பட்ட வரலாறு. அதன்பின் மண் வகைகள், நாற்று, நடும் இடைவெளி, வடிகால், உரம், சத்துக் குறைபாடுகள், பூச்சிகள், களையெடுப்பு, அறுவடை, ஆலைக்கு விற்பது என்று வரிசையாக வரும்.

இரண்டாவது கேள்விக்கு விடை தேடிப் பழைய புலனச் செய்திகளைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஏழு பேரில் ஐவர், வாங்கிய சில நாள்களுக்குள் மட்டையைப் படமெடுத்து அனுப்பி, “அப்பாவிடம் காட்டுங்கள், இது என்ன என்று கேளுங்கள்” என்றே எழுதியிருக்கிறார்கள். அதற்கான விடை கையேட்டில் 71-ஆம் பக்கத்திலிருந்து இருக்கிறது.

மறுமொழி: நூலாக்குநர் (கிள்ளான்)

அந்த ஐந்து படங்களில்தான் உங்கள் நூல் இருக்கிறது, சகோதரி.

மட்டை மஞ்சளித்து நிற்கும் மரத்தடியில் கைப்பேசியுடன் நிற்பவருக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு விடை தேவைப்படுகிறது, அதற்கு அவர் பணம் கொடுக்க அணியமாக இருக்கிறார். நீங்களோ அவரை 1917-இலிருந்து நடத்திக்கொண்டு வந்து, எழுபது பக்கம் கடந்த பிறகே அந்த மரத்தடிக்குக் கொண்டு சேர்க்கிறீர்கள். வரலாறு நல்ல இயல்தான், நானே விரும்பிப் படிப்பேன். ஆனால் வாங்குபவர் தேடி வந்தது அதுவன்று.

ஆகவே சத்துக் குறைபாட்டுப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, “மட்டையைப் பார்த்துக் குறை அறிதல்” என்பது போன்ற ஒரு பெயரில், இருபது இருபத்தைந்து பக்கங்களுக்குள் தனி வெளியீடாக்குங்கள். ஒரு பக்கத்தில் ஒரு படம், படத்தின் கீழே எதைக் கவனிக்க வேண்டும் என்ற நான்கைந்து வரிகள், அதற்கடுத்து என்ன செய்வது என்ற குறிப்பு, இவ்வளவு போதும். எடுத்துக்காட்டாக, மெக்னீசியக் குறைபாட்டில் கீழ் மட்டைகள் ஆரஞ்சு மஞ்சளாக மாறும். ஆனால் ஓர் ஓலையின் மீது இன்னோர் ஓலை படிந்து வெயில் மறைக்கப்பட்ட இடம் மட்டும் பச்சையாகவே இருக்கும். மேல் ஓலையை விரலால் விலக்கி, கீழே அந்தப் பச்சைப் பட்டையைக் காட்டும்படி ஒரு படம் எடுத்தால், அதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். பொட்டாசியக் குறைபாட்டில் அதே கீழ் மட்டைகளில் ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றும். போரான் குறைந்தால் இளம் மட்டைகளில்தான் தெரியும், ஓலை நுனி கொக்கி போல் வளையும். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரியாமல் கடையில் கொடுத்த உரத்தை வாங்கிக் கொட்டியவர்களை நான் அறிவேன். இந்தச் சிறுநூலுக்கு 15 வெள்ளி விலை வையுங்கள்; ஒரு மூட்டை உரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றாது.

மலேசியச் செம்பனை வாரியத்தின் துனாஸ் எனும் வழிகாட்டுப் பிரிவின் அலுவலர்கள் சிறுதோட்டக்காரர்களுக்குக் கட்டணமின்றியே ஆலோசனை தருகிறார்கள் என்பதையும் மறவாதீர்கள். அவர்களோடு போட்டியிட வேண்டாம். உரத்தின் அளவை முடிவு செய்ய அவர்களை அணுகுமாறு உங்கள் நூலிலேயே எழுதுங்கள். தமிழில், தந்தையார் கண்ணால் பார்த்த மரங்களைக் காட்டிச் சொல்வதே உங்கள் நூலின் பலம். படங்கள் அனைத்தும் நீங்கள் எடுத்தவைதாமே? இணையத்திலிருந்து எடுத்தவை ஒன்றிரண்டு இருந்தாலும் நீக்கிவிடுங்கள். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உங்கள் நூலைக் காப்பது போலவே மற்றவர் படத்தையும் காக்கிறது.

இன்னொன்று. அடுத்த நூலை இரண்டு ஆண்டுகள் எழுதி முடித்துவிட்டு விற்க முயலாதீர்கள். ஆறு பக்கம் மட்டும் செய்து, அந்த ஏழு பேருக்கும் அனுப்பி, எந்த இடத்தில் புரியவில்லை என்று கேட்டுத் திருத்திய பிறகு எஞ்சியதை எழுதுங்கள்.

மறுமொழி: எழுத்துருப் பணியாளர் (ஈப்போ)

எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்ததற்குக் காரணம், நீங்கள் பெரும்பாலும் வேர்ட் கோப்பாகவே அனுப்பியிருக்க வேண்டும், அதுவும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்க வேண்டும். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருக்கிறது, வாங்கியவரின் கைப்பேசியில் இல்லை. முரசு அஞ்சல் போன்ற செயலியில் யூனிகோடு விசைமுறையைத் தேர்ந்து தட்டச்சு செய்யுங்கள். பழைய பக்கங்களை எழுத்துரு மாற்றும் செயலியால் யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு வரியையும் கண்ணால் சரிபாருங்கள், ஏனெனில் கொம்பும் காலும் இடம் மாறுவது வழக்கம். பிறகு எழுத்துருவை உட்பொதித்து பிடிஎஃப் ஆக்கினால் எந்தக் கைப்பேசியிலும் ஒரே மாதிரியாகத் தெரியும். பழைய எழுத்துருவிலேயே பிடிஎஃப் ஆக்கினாலும் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் “போரான்” என்று தேடினால் அந்தச் சொல் கிடைக்காது.

பக்க அளவையும் மாற்றுங்கள். ஏ4 தாளில் 12 புள்ளி எழுத்து கைப்பேசித் திரையில் எறும்பு வரிசை போலத் தெரியும். தோட்டத்தில் வெயிலில் நின்று, ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் விரலால் விரித்து விரித்துப் படிக்க வேண்டியிருந்தால், அவர் நூலை மூடிவிட்டு உங்கள் தந்தையாரைத்தான் அழைப்பார். பக்கத்தை ஏ5 அளவுக்குக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

கோப்பு பரவுவதை முழுவதுமாகத் தடுக்க வழியில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாங்கியவரின் பெயரும் தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் இருந்தால், அதைக் குழுவில் போடப் பெரும்பாலோர் தயங்குவார்கள்.

மறுமொழி: சிறுவணிகக் கணக்கர் (தெலுக் இந்தான்)

தங்கையே, வங்கிச் சீட்டின் படத்தை நம்பி இனி எதையும் அனுப்பாதீர்கள். தொகையையும் தேதியையும் மாற்றிய படத்தை உருவாக்கச் சில நிமிடங்கள் போதும். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, பணம் கணக்கில் சேர்ந்ததைப் பார்த்த பிறகே நூலை இறக்கும் இணைப்பை அனுப்புங்கள். மாதம் இருபது முப்பது படிகள் போகும் வரையில் கைப்பேசியில் வருடிப் பணம் அனுப்பும் டுயிட்நவ் கியூஆர் குறியீடே போதும். அதற்குமேல் வளர்ந்தால் எஃப்பிஎக்ஸ் (இணைய வங்கிக் கட்டண முறை) வழியாகப் பணம் பெறும் கட்டணத் தளம் ஒன்றில் சேருங்கள். பணம் வந்ததும் இணைப்பு தானாகவே வாங்கியவருக்குப் போகும்படி அமைத்துக்கொள்ளலாம்.

அத்தகைய தளங்கள் பொதுவாக வணிகப் பதிவைக் கேட்கும். கேட்காவிட்டாலும் பதிவு செய்ய வேண்டியது சட்டம். 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, வணிகம் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்எஸ்எம் எனும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், இயங்கலை வணிகத்திற்கும் இது பொருந்தும். அடையாள அட்டையில் உள்ள உங்கள் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, தனி வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. நீங்கள் மார்ச் மாதமே விற்கத் தொடங்கிவிட்டதால் காலம் கடந்துவிட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள். விற்பனைப் பக்கத்தில் பெயர், பதிவு எண், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், முழு விலை ஆகியவற்றை வெளிப்படையாக எழுதுங்கள். சட்டத்திற்காக மட்டும் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவருக்கு முன்பணம் அனுப்புபவர் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

மறுமொழி: ஆறு ஏக்கர்க்காரி (லாபிஸ்)

நீங்கள் முகநூலில் இலவசமாகப் பதிந்த மாதிரிப் பக்கங்களைப் படித்தேன். விற்பனையைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேறொரு கவலை. களையெடுப்புப் பக்கத்தில் பராகுவாட் எனும் களைக்கொல்லியை எத்தனை மில்லி கலந்து அடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மருந்து இந்நாட்டில் 2020 சனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. அதை விழுங்கினால் முறிவு மருந்து கிடையாது.

என் தாயார் பதினெட்டு ஆண்டுகள் தோட்டத்தில் மருந்தடித்தவர். பெரட்டு (காலைப் பெயரழைப்பு) முடிந்ததும் மருந்துத் தோம்பைச் சுமந்துகொண்டு நிரைக்குள் போனால், நண்பகலில் முதுகுத் துணி நனைந்துதான் திரும்புவார். அவருடைய விரல் நகங்கள் வெளுத்து, உரிந்து, பிறகு ஒழுங்காக வளரவே இல்லை. உங்கள் தந்தையார் தாம் வேலை செய்த காலத்து முறையை நேர்மையாகச் சொல்லியிருப்பார், அவர் மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் வாய்ச்சொல்லாக இருந்தவரை, யாராவது “இப்போது அது இல்லையே” என்று குறுக்கிட்டிருப்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு அச்செழுத்தில் கொடுத்தால் படிப்பவர் அதை அப்படியே நம்புவார். அந்தப் பக்கத்தைத் திருத்தும் வரை தயவுசெய்து விற்பனையை நிறுத்துங்கள்; ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தெரிவியுங்கள்.

கேட்டவர்: மண்டோர் மகள்

அக்கா, உங்கள் மறுமொழியைத் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் விட்ட காலத்திலேயே என் சொல்லும் நின்றுவிட்டது, மாற்றிவிடு அம்மா” என்றார். நேற்றிரவே விற்பனைப் பதிவை நீக்கிவிட்டேன். வாங்கிய ஏழு பேருக்கும், பொய்ச் சீட்டு அனுப்பிய இருவருக்கும், கோப்பு சுற்றும் அந்தக் குழுவின் நிர்வாகிக்கும் ஒரே செய்தியை அனுப்பியிருக்கிறேன். பணம் தராதவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்து மருந்தடித்துவிடக் கூடாது அல்லவா.

கேட்டவர்: மண்டோர் மகள் (ஏழு வாரங்களுக்குப் பிறகு)

உதவியவர்களுக்கு நிலவரத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வணிகப் பதிவு முடிந்துவிட்டது. சத்துக் குறைபாட்டுப் பகுதியை மட்டும் 22 பக்கங்களாக்கி, எல்லாப் படங்களையும் எங்கள் தோட்டத்திலும் அண்டை வீட்டார் தோட்டங்களிலும் புதிதாக எடுத்தேன். ஓலையை விலக்கிக் காட்டும் படத்தில் இருப்பது தந்தையாரின் விரல்தான். போரான் பக்கத்தை மட்டும் இலவசமாகப் பதிந்தேன். கொக்கி ஓலையைத் தங்கள் மரத்தில் கண்டவர்கள் தாமாகவே எழுதிக் கேட்கிறார்கள். 15 வெள்ளி விலையில் இதுவரை 41 படிகள் போயுள்ளன, எல்லாமே கணக்கில் பணம் சேர்ந்த பிறகு அனுப்பியவை.

இப்போது ஒரு புதிய சிக்கல். வாங்கியவர்களில் வயதான நால்வர், படத்தைப் பார்க்க முடிகிறது, எழுத்தைப் படிக்க முடியவில்லை என்கிறார்கள். காணொலி எடுத்தால் எங்கள் பக்கத்து இணையத்தில் எளிதில் இறங்காது. என்ன செய்யலாம்?

மறுமொழி: எழுத்துருப் பணியாளர் (ஈப்போ)

காணொலி வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு நிமிடக் குரல்பதிவு போதும், தந்தையாரே பேசட்டும். ஒலிக்கோப்பு மிகச் சிறியது, புலனத்திலேயே அனுப்பிவிடலாம். கோப்பின் பெயரில் பக்க எண்ணைப் பெரிதாக எழுதிவிடுங்கள், எந்தப் படத்துக்கு எந்தக் குரல் என்ற குழப்பம் வராது. அறைக்குள் பதிவு செய்யாமல் மரத்தடியிலேயே காலை நேரத்தில், காற்று குறைவாக இருக்கும்போது பதிவு செய்யுங்கள். மட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினால் அவர் எதையும் விடமாட்டார்.