நான்காவது முயற்சியில் ஒரு யார்டுதான் பாக்கி, அங்கேயும் பன்ட்டா?

கேள்வி: வடக்கு மாடம்

முதுகலை படிக்க அமெரிக்கா வந்த ஆண்டிலிருந்து எங்கள் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டங்களை மைதானத்திலேயே பார்த்து வருகிறேன். அணியின் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை, மன்னிக்கவும். தோல்வி பழகிவிட்டது, தோற்கும் விதம்தான் ஆறவில்லை. சென்ற சனிக்கிழமை, கடைசிக் கால்பகுதியில் ஏழு புள்ளிகள் பின்தங்கியிருந்த நேரத்தில், எதிரணியின் 38ஆவது யார்டுக் கோட்டில், பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியான நான்காவது முயற்சி வந்தது. தேவைப்பட்டது ஒரே ஒரு யார்டு. பன்ட் அடித்தார்கள், அதாவது முயன்று பார்க்காமல் பந்தை எதிரணியிடமே தூர உதைத்துவிட்டார்கள். பந்து உருண்டு மைதானத்தின் கோடியிலுள்ள எண்ட் ஸோனுக்குள் போய்விட, எதிரணி 20ஆவது யார்டிலிருந்து ஆடத் தொடங்கியது. பந்தைத் தூக்கிக் கொடுத்ததற்கு எங்களுக்குக் கிடைத்த ஆதாயம் 18 யார்டு!

மைதானத்தில் எனக்கு முன் இருக்கையில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மையார் வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாவது முயற்சி என்றால் தலையைக்கூட நிமிர்த்தாமல் "நடுவில் ஓட்டம்" என்பார், நடுவில்தான் ஓடுவார்கள். அவருக்குத் தெரிந்தது எதிரணிக்குத் தெரியாமலா இருக்கும்? எங்கள் பயிற்சியாளரிடம் வியூகம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லை எனக்குத்தான் ஆட்டம் புரியவில்லையா?

பதில்: பழைய மாணவன்

பயிற்சியாளரைத் திட்டுமுன், எதிரணியைத் தடுத்து நிறுத்த வேண்டிய நம் அணியின் முன்வரிசை ஐவரைப் பாருங்கள். அவர்கள் மூன்று விநாடி தாக்குப்பிடித்தால்தானே குவார்ட்டர்பேக் நிமிர்ந்து பார்த்துப் பந்தை எறிய முடியும்? அணி மாறினால் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற விதி, முதல் முறை மாறுவோருக்கு 2021இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு, நாம் இரண்டு ஆண்டு பழக்கி எடுக்கும் பையனைப் பெரிய பல்கலைக்கழகம் கொத்திக்கொண்டு போய்விடுகிறது. ஆளே இல்லாதபோது வியூகம் என்ன செய்யும்?

பதில்: கணக்குப்பிள்ளை

ஆள் இல்லாதவனுக்குத்தான் வியூகம் வேண்டும், ஐயா. டெக்ஸஸ் டெக் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த மைக் லீச், பெரிய பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய பையன்களை வைத்துத்தான் ஆடினார். முன்வரிசையினரை அகல அகலமாக நிற்க வைத்து, எதிராளி சுற்றி வந்து சேர்வதற்குள் குறுகிய பாஸாக எறிந்துவிடச் செய்தார். அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரி அணி இதற்கு நேர்மாறாக ஓட்டத்தையே நம்பி ஆடிப் பெயர் பெற்றது. எதிரணியில் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிட்டு, அவர் எந்தப் பக்கம் பாய்கிறார் என்று பார்த்த பிறகே பந்தைக் கொடுப்பதா தானே ஓடுவதா என்று குவார்ட்டர்பேக் முடிவு செய்வார். தடுக்க ஆள் போதாத குறையை அவர்கள் அப்படி ஈடுகட்டினார்கள்.

பன்ட் விஷயத்தில் கேள்வி கேட்டவர் பக்கமே நியாயம் இருக்கிறது. தொழில்முறை ஆட்டங்களை ஆராய்ந்து பொருளியலாளர் டேவிட் ரோமர் 2006இல் வெளியிட்ட கட்டுரை, துணிந்து ஆட வேண்டிய நான்காவது முயற்சிகளில் பயிற்சியாளர்கள் அளவுக்கு மீறி உதைக்கிறார்கள் என்றே காட்டியது. துணிந்து தோற்றால் பழி பயிற்சியாளர் தலையில் விழும், பன்ட் அடித்துத் தோற்றால் பையன்கள் தலையில் விழும் என்ற கணக்குதான் இதற்குக் காரணம் என்பது என் ஊகம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் 1984 ஆரஞ்சு பௌல் போட்டியில், ஒரு புள்ளிக்கு உதைத்துச் சமன் செய்ய வாய்ப்பிருந்தும், இரண்டு புள்ளிக்கு ஆடி மயாமியிடம் 31-30 என்று தோற்றார். அதற்காக அவர் பெயர் கெட்டுவிடவில்லை. பின்னாளில் மூன்று தேசிய பட்டங்கள் வென்றார்.

பதில்: வடக்கு மாடம்

இருவருக்கும் நன்றி. முன்வரிசை பலவீனமானது என்பதை மறுக்கவில்லை. அந்தப் பலவீனமான முன்வரிசையின் நட்டநடுவிலேயே ஒவ்வொரு முறையும் எதற்கு ஓடுகிறார்கள் என்பதைப் பழைய மாணவன் சொன்னால், வரும் சனிக்கிழமை அந்த அம்மையாரிடம் போய்ச் சொல்கிறேன்.