நான்-டாமினன்ட் (non-dominant) சைடுக்கு, அதாவது உடம்புக்குப் பழகாத பக்கத்துக்கு, ‘மறுவாகு’ன்னு வெச்சுக்கலாமா?

அண்ணே, பாடத்துல இதுக்கு தமிழ்ல நீங்க எழுதுன ‘ஆதிக்கமற்ற பக்கம்’ எனக்கு ஒட்டவே இல்ல. ராயபுரத்துல சாயங்காலம் பசங்களுக்கு பாக்ஸிங் சொல்லிக்குடுக்கிறேன், வெளிய நின்னு ஒரு வார்த்தை கத்துனா உள்ள இருக்கிறவன் உடம்பு உடனே திரும்பணும், அவ்ளோ சின்னதா வேணும்.

‘இடக்கைப் பயிற்சி’யும் சரியில்ல. ஆர்த்தடாக்ஸ்ல, அதாவது இடது கை, இடது கால் முன்னாடி வெச்சு நிக்கிற வலக்கைப் பையனுக்கு ஜாப்னு சொல்ற நேர்க்குத்து எல்லாம் அந்த முன்கையிலதான் போவுது, ரவுண்டு பூரா உழைக்கிற கை அது. அவனை சவுத்பாவுக்கு, அதாவது வலது பக்கம் முன்னாடி வர்ற மாதிரி, மாத்தி நிக்க வெச்சாதான் திணறுவான், ஏன்னா கை மட்டுமா மாறுது, பின்னங்கால் ஊனுறது, இடுப்பு திரும்புறது, தாடையை மறைக்கிற தோளு எல்லாமே தலைகீழா ஆயிடுது. இடக்கைப் பையனுக்கோ இதெல்லாம் அப்படியே நேரெதிரா வரும். பாக்ஸர் மேனி பாக்கியோ இயல்புல வலக்கைக்காரர், சண்டை போட்டது சவுத்பாவா. அதனால வார்த்தையில இடது வலது வரவே கூடாதுன்றது என் கட்சி.

‘பீச்சாங்கை’ வேணவே வேணாம். அந்தக் கையில சாப்பிட்டதுக்கும் எழுதுனதுக்கும் அடி வாங்குன பசங்க என்கிட்டயே இருக்காங்க, அதே வார்த்தையை பாடத்துல திரும்ப வைக்க எனக்கு மனசு வரல.

நம்மகிட்ட ஏற்கெனவே ‘வாகு’ இருக்குதுண்ணே. கம்பு சுத்த வர்ற சின்னப் பையன்கிட்ட ‘வாகா புடி’ன்றோம். காசிமேட்டுல மீன் அரியிற அக்காகிட்ட கத்தியை கை மாத்தி புடிக்கச் சொல்லுங்க, ‘வாகு வரலப்பா’ன்னுதான் சொல்லுவாங்க. அப்போ பழகுன பக்கம் வாகுப்பக்கம், மத்தது மறுவாகு, பாக்ஸர்கள் மார்வின் ஹாக்லர், டெரன்ஸ் கிராஃபோர்டு மாதிரி ரெண்டு பக்கமும் மாறி நின்னு ஆடுறவங்க இருவாகு. வாகுன்னா தோள், கைன்னும் அகராதியில இருக்கே, வாகுவலயம்னு தோள்நகையை சொல்றோமேன்னு யாராச்சும் கேப்பீங்க. கேட்டாலும் கெடுதல் இல்ல, உடம்பை விட்டு அர்த்தம் எங்கயும் போகல.

ஒரு இடத்துல மட்டும் இது பத்தல. ஒரு கைக்கு மட்டும் பயிற்சி குடுத்தா சும்மா இருந்த கைக்கும் பலம் ஏறுதுன்னு 1894லயே அமெரிக்காவோட யேல் பல்கலைக்கழகத்துல ஸ்க்ரிப்ச்சர்ன்ற உளவியல் ஆய்வாளரும் அவர் கூட்டாளிங்களும் அளந்து காட்டுனாங்க. மணிக்கட்டுல மாவுக்கட்டு போட்ட பையனை வீட்டுக்கு அனுப்பாம நல்லா இருக்கிற கைக்கு வேலை குடுக்கிறது அதை நம்பித்தான். இது எந்தக் கையிலேர்ந்து எந்தக் கைக்கும் போகும், அதனால ‘மறுவாகு’ பொருந்தாது. இந்தப் பலனுக்கு ‘மறுகைப் பேறு’ன்னு எழுதி வெச்சிருக்கேன், ஆனா ‘பேறு’ன்னா பசங்களுக்கு புரியாது. வேற வார்த்தை இருந்தா குடுங்க.