ஹைடாடிட் சிஸ்ட்: 'நீர்க்கட்டி' வேண்டாம், 'புழுப்பை' எனலாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாய் நாடாப்புழுவால் பெரும்பாலும் கல்லீரலில் வரும் ஹைடாடிட் சிஸ்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிவருகிறோம். 'கல்லீரல் நீர்க்கட்டி' என்பதே போதும், மக்களுக்குப் பழகிய சொல் என்று குழுவின் மூத்தவரான ஐயா நேற்று எழுதியிருந்தார். பழகிய சொல் என்பதுதான் எனக்கு அச்சம் தருகிறது. ஸ்கேன் அறையில் நீர்க்கட்டி என்று சொன்னால் பெண்கள் சினைப்பையில் வருவதை நினைத்துக்கொள்கிறார்கள். கல்லீரலிலேயே எந்தத் தீங்கும் செய்யாமல் கிடக்கும் வெறும் நீர்க்கட்டிகளும் உண்டு. நாய் நாடாப்புழுவின் இளம்பருவம் குடியிருக்கும் ஒன்றுக்கும் அதே பெயரா?

'கட்டி' என்ற பகுதியையும் நான் ஏற்கவில்லை. நம் பேச்சில் கட்டி பழுக்கும், உடையும், உடைந்தால் வலி தீரும். இது உடையவே கூடாது. உள்ளிருக்கும் நீர் வயிற்றுக்குள் சிந்தினால் கடும் ஒவ்வாமையில் உயிரே போகலாம். பிழைத்தாலும் சிந்திய இடமெல்லாம் புதிதாக முளைக்கும். நாட்டு மருந்து பூசிக் கட்டியைப் பழுக்க வைக்கலாமா என்று ஓர் ஆட்டிடையர் என்னிடமே கேட்டிருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை, நாம் கொடுத்த சொல் அப்படி.

எனவே 'புழுப்பை' என்று முன்மொழிகிறேன். கருப்பை, பித்தப்பை, இரைப்பை என்று உறுப்புகளுக்கு வழங்கும் பை இது. பை என்றால் கிழியக் கூடாது என்று யாரும் சொல்லாமலே தெரியும். பொருளும் பொருந்துகிறது. இளநீர்க் காயை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே நம் உடல் கட்டிய கெட்டி ஓடு. அதற்குள் வழுக்கையைப் போல வெள்ளையாக, அடுக்கடுக்கான படலம். அதன் உட்புறத்தில் மெல்லிய முளைப்படலம். நடுவில் ஊற்றுநீர் போலத் தெளிந்த நீர். முளைப்படலத்திலிருந்துதான் புழுத்தலைகள் அரும்புகின்றன. அவை உதிர்ந்து அடியில் படிவதை 'புழுமணல்' எனலாம். படுத்திருப்பவரைப் புரண்டு படுக்கச் சொன்னால், குடத்தைக் குலுக்கியதும் மண்டி எழுவது போல அந்த மணல் திரையில் எழுந்து மெல்ல இறங்கும். அதைக் கண்டபின் எனக்குப் பெரிய சந்தேகம் இருப்பதில்லை. இரத்தப் பரிசோதனை மட்டும் சில நேரம் ஏமாற்றும். பை இருந்தும் எதிர்மறையாக வரலாம்.

படலம் கழன்று நீரில் மிதக்கும் நிலைக்கு 'அல்லியிலைத் தோற்றம்' என்று நம் குழுவின் டாக்டர் அம்மா தந்த சொல்லை இரு கை நீட்டி ஏற்கிறேன்.

ஊசியால் குத்தி எடுப்பதே இன்று சிகிச்சையாகிவிட்டதே, கிழிந்துவிடும் என்ற அச்சத்தைப் பெயரில் ஏற்ற வேண்டுமா என்று இன்னொரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்த முறை எல்லாப் பைகளுக்கும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வகுத்த நிலைகளில் முதல் நிலைக்கும், படலம் கழன்ற மூன்றாம் நிலையின் 'அ' பிரிவுக்கும்தான் அது. முதல் நிலையிலும் 5 செ.மீ.க்கு உட்பட்டதென்றால் ஆல்பென்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். குத்துவதென்றால் மாத்திரையை முன்பே தொடங்கிவிட வேண்டும், ஒவ்வாமைக்கான மருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எடுத்த நீரில் பித்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே புழுவைக் கொல்ல ஆல்கஹாலோ 20 சதவீத உப்புநீரோ உள்ளே செலுத்தலாம். பித்தநாளத்தோடு தொடர்பிருந்தால் அந்த மருந்தே நாளத்தை எரித்துச் சுருக்கிவிடும். உள்ளே பல பைகள் நெருக்கியடித்த நிலைக்குப் பெரும்பாலும் அறுவைதான். இறுகிச் சுண்ணாம்பேறியதை, தொல்லை தராதவரை, தொடாமல் கண்காணித்தாலே போதும். எதைக் குத்தலாம் என்று அறிந்தவர் முடிவு செய்யும்வரை யாரும் ஊசி எடுக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த அச்சம் பெயரில் இருக்க வேண்டும் என்கிறேன்.

ஊசியால் குத்தி எடுக்கும் அந்த முறைக்கு ஆங்கிலத்தில் நான்கு முதலெழுத்துகளைக் கோத்த பெயர், PAIR. நமக்கு எழுத்துச் சுருக்கமே தேவையில்லை, வினையெச்சம் இருக்கிறதே! 'குத்தி உறிஞ்சி மருந்திட்டு மீளுறிஞ்சல்'. செய்முறையே பெயராகிவிட்டது. குறுக்கமாக 'மீளுறிஞ்சல்' எனலாம்.

சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 1863இல் டென்மார்க்கின் ஹரால்டு கிராப்பே ஐஸ்லாந்துக்குச் சென்று, நாய்க்கும் ஆட்டுக்கும் மனிதருக்கும் இடையில் இந்தப் புழு சுற்றுவதை ஆராய்ந்தார். அடுத்த ஆண்டே அந்நாட்டு மொழியில் ஒரு சிறு நூல் அச்சாகி வீடு வீடாகப் போனது. நோயுற்ற ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடாதே என்பது அங்கே விவசாயிக்கும் புரிந்தது. காலப்போக்கில் நோயே அந்தத் தீவை விட்டுப் போயிற்று. நம் கிடைகளுக்கும் அப்படி ஒரு துண்டறிக்கை எழுதத்தான் இந்தச் சொல்லைக் கேட்கிறேன்.

'புழுப்பை' என்றால் நோயாளி அருவருப்படைவார் என்ற எதிர்ப்பு நியாயமானது. முதல் முறை முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கைகழுவவும் நாய்க்குப் புழுமாத்திரை கொடுக்கவும் அந்தச் சுளிப்பு உதவுமென்று நம்புகிறேன். பன்றி நாடாப்புழுவால் மூளையில் வருவதற்குத் தனிச் சொல் வேண்டும். அதைத் தனி இழையில் பேசலாம்.

பெரிய பைக்குள் நுங்குச் சுளை போலத் திரளும் சிறு பைகளுக்குச் 'சேய்ப்பை' என்று எழுதி வைத்திருந்தேன். சென்ற வாரம் ஓர் அம்மாவுக்குப் படத்தைக் காட்டி விளக்கியபோது, "குட்டி போட்டிருக்கிறதா?" என்று கேட்டார். ஆடு மேய்ப்பவர். அப்போதிருந்து 'குட்டிப்பை' என்றே வைக்கத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
ஸ்கேன் அறையிலிருந்து ஒரு நண்பர்