சென்சாரை மாற்றிய பிறகும் −40 டிகிரி காட்டுகிறது

கேள்வி:
என் பெட்ரோல் காரில் செக் எஞ்சின் விளக்கு எரிந்ததால் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தேன். பி0113 என்ற குறியீடு வந்தது. எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சார்தான் பழுது என்று எண்ணிப் புதியதை வாங்கி மாட்டினேன். குறியீட்டை அழித்த மறுநாளே விளக்கு மீண்டும் எரிந்தது. பெரும்பாலும் 34 டிகிரி அளவில் இருக்கும் அளவீடு, வண்டி குலுங்கும்போது திடீரென −40க்கு இறங்கிவிடுகிறது. அப்போது புகைக்குழாயில் பெட்ரோல் வாடையும் வீசுகிறது. புதிய சென்சாரும் பழுதாக இருக்குமா?

மறுமொழி 1:
சென்சாரின் மீது ஐயம் கொள்ளும் முன் அந்த −40இன் பொருளைக் கவனியுங்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ, தன்னுள் இருக்கும் ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. காற்று சூடேறச் சூடேறச் சென்சாரின் மின்தடை குறைவதால் அந்த வோல்ட்டும் இறங்குகிறது. இணைப்பு எங்கேனும் அறுந்தால் வோல்ட் இறங்காமல் அப்படியே நிற்பதால், இசியூ அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்கிறது. பி0113 சொல்வதும் இதைத்தான். சென்சார் கெட்டது என்று அது சொல்லவில்லை.

சென்சாரில் செருகியிருக்கும் வயரின் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் நிலையில் வைத்து, அதன் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். அளவீடு 100 டிகிரிக்கும் மேலே தாவினால், அந்த நொடியில் வயரும் இசியூவும் சரியாக இருக்கின்றன என்று பொருள். காற்றோட்ட அளவியோடு சேர்ந்த ஐந்து முனைச் சென்சாராக இருந்தால், மின்சுற்று வரைபடத்தைப் பார்க்காமல் எந்த முனையையும் இணைக்க வேண்டாம்.

மறுமொழி 2:
மேலே சொன்ன சோதனை சரியானதே. ஆனால் விட்டுவிட்டு வரும் பழுதுக்கு அது மட்டும் போதாது. கம்பியை இணைத்த நிலையிலேயே வயர்க் கட்டைக் கனெக்டரிலிருந்து தொடங்கி அங்குலம் அங்குலமாக அசைத்துக்கொண்டே அளவீட்டைப் பாருங்கள். சென்சாரையும் சோதிக்க விரும்பினால், இரவு முழுதும் நின்ற வண்டியில், எஞ்சினை இயக்கும் முன், காற்றின் வெப்பநிலையையும் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். ஓடி நின்ற சற்று நேரத்தில் காற்றின் அளவீடு உயர்வது எஞ்சின் சூட்டினால்தான், பழுதினால் அன்று.

கேள்வி கேட்டவர்:
கம்பியை இணைத்ததும் அளவீடு மேலே தாவியது. ஏர் ஃபில்டர் பெட்டியின் ஓரத்தில் வயர் வளையும் இடத்தை அசைத்தபோது −40க்கு வந்துவிட்டது. மேலுறை முழுதாக இருந்தும் உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் பெட்டியின் மூடியை அந்த வயரின் மீது சாய்த்து வைத்தது நான்தான்.

மறுமொழி 1:
பெட்ரோல் வாடைக்கும் காரணம் அதுவே. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது என்பதால், −40 என்று நம்பிய இசியூ கூடுதல் எரிபொருளைத் தெளித்திருக்கும். அந்த இடம் அதிர்வுக்கு உள்ளாவது. ஆகவே சற்றே நீளமான புது வயர்த் துண்டைச் சேர்த்து, கிரிம்ப் செய்து (உலோக இணைப்பானுள் வைத்து நசுக்கி இறுக்கி), மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். பழைய சென்சாரை எறிந்துவிடாதீர்கள்.