ராகி மாவு நைஸ், ஆள் நைஸ், பாறையும் நைஸ்: மூன்றும் ஒரே சொல்லா?

பாலக்கோடு மாணவி:
மில்லில் "ராகியை நைஸா அரைச்சுக் குடுங்கண்ணா" என்கிறோம். "நைஸா நழுவிட்டான்" என்கிறோம். இங்கிலீஷில் நைஸ் என்றால் இனிய, நல்ல. மாவுக்கும் அதற்கும் என்ன ஒட்டு? 'நையப் புடைப்பது' தமிழில் இருக்கிறதே, அந்த 'நை'யிலிருந்து வந்ததா? கிருஷ்ணகிரிப் பாறையையும் புவியியல் பாடத்தில் நைஸ் என்கிறார்கள்.

அகராதிப்பித்தன்:
இங்கிலீஷ் சொல்லின் வேர் லத்தீன் நெஸ்கியுஸ். 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கிரே' என்றால் அறிதல். ஆக, அறிவில்லாதவன். சயின்ஸ் என்ற சொல்லும் அதே ஸ்கிரேயில் பிறந்ததுதான்! பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் இங்கிலீஷுக்கு வந்தபோது நைஸ் என்றால் முட்டாள். பிறகு கூச்சக்காரர், எதற்கும் குறை சொல்கிறவர் என்று நகர்ந்தது. குறை பார்க்கிறவர் சின்ன வேறுபாட்டையும் கவனிப்பார் அல்லவா? அந்தப் பாலத்தில்தான் நுட்பமான, துல்லியமான என்ற பொருள் 16-ஆம் நூற்றாண்டில் ஊன்றியது. 'இனிய' என்பது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த கடைக்குட்டி.

பழைய நூல்களில் இன்றைய பொருளைப் போட்டால் வாக்கியமே கவிழும். ரோமியோ ஜூலியட்டில் போய்ச் சேராத கடிதத்தைப் பற்றிப் பாதிரியார் அது "நைஸ் அல்ல" என்கிறார். 'நல்ல கடிதமல்ல' என்று பெயர்த்தால் தப்பு. அற்ப விஷயமல்ல என்பதே பொருள்.

மாவுமில் தெரு:
மில்லில் நைஸுக்கு எதிர்ச்சொல் 'கெட்டது' இல்லைங்க, 'கொரகொரப்பு'. இடியாப்பத்துக்கு நைஸா அரைத்துச் சலிக்கணும், இல்லையென்றால் அச்சு அடைக்கும். புட்டுக்குச் சற்றே கொரகொரப்பு வேண்டும். நைஸ் மாவில் ஆவி ஏறாமல் கட்டி தட்டும். அரைத்த சூட்டோடு டப்பாவில் மூடினாலும் வியர்த்துக் கட்டியாகும், துணியில் பரப்பி ஆறவிடுங்கள்.

அகராதிப்பித்தன்:
அந்த எதிர்ச்சொல்தான் சாட்சி. மாவு நைஸில் இருப்பது நுண்மைப் பொருள், 'இனிய' அல்ல. மாவில் கொரகொரப்பு இல்லாததுபோல, சத்தமும் உரசலும் இல்லாமல் போவது 'நைஸா நழுவுவது' என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 'நை'யிலிருந்து பிறந்திருந்தால் 'நைய' என்று நின்றிருக்கும், கடைசி 'ஸ்' வந்திருக்காது. ஆனால் நைய, மைய என்ற நம் சொற்கள் பக்கத்தில் இருந்ததால்தான் இந்தக் கடன்சொல் அடுப்படியில் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு.

கல்குவாரி மேடு:
பாறை நைஸ் தனிக் குடும்பம். அது ஜெர்மன் சொல். எழுத்தில் முன்னால் ஒரு 'ஜி' உண்டு, உச்சரிப்பதில்லை. ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பட்டு உருமாறிய பாறை. வெளிர்ப் பட்டையும் கரும்பட்டையும் மாறிமாறி ஓடுவதே அடையாளம். கிரானைட்டில் அந்த வரி இருக்காது, ஆனால் வியாபாரத்தில் இரண்டையுமே கிரானைட் என்றுதான் விற்கிறார்கள். தமிழில் எழுதும்போது 'பட்டைப்பாறை' என்று ஒருமுறை சேர்த்துவிட்டால் யாரும் 'நல்ல பாறை' என்று படிக்க மாட்டார்கள்.